இரண்டு விரல் பித்தளை

சேதி வந்தபோது அமல்ராஜ் அண்ணனின் யூஃபோனியம் என் மடியில் இருந்தது. சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறையில் மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். போனில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. அண்ணன் வேலைக்குக் கிளம்பினார், ஷூ போடக் குனிந்தார், எழுந்திருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். நான் "சரிக்கா" என்றேன். மேனேஜர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைவு மலருக்கு எழுதிக் கொடு என்று நம் மாதா கோயில் பேண்டில் கேட்டபோது, "நல்லவிதமா எழுதுப்பா" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அமல்ராஜ் அண்ணனைப் பற்றி நல்லவிதமாக எழுதுவதில் சிரமமே இல்லை. சுற்றியிருந்த நம்மைப் பற்றி அப்படி எழுத முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆஸ்டின் டவுனில் நம் கோயில் பேண்டை அவர் எத்தனை காலமாக நடத்திவந்தார் என்று உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வாரம் முழுக்க ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலக வளாகத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்; ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் பேண்ட் மாஸ்டர். நான் பீனியாவில் ஒரு காலிபரேஷன் லேபில் இன்ஜினியர். ஊரார் வைத்திருக்கும் அளவுகோல்கள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது என் பிழைப்பு. பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறேன். அவர் எனக்கு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை; கல்லூரியிலேயே கற்றுக்கொண்டு வந்தவன் நான். எங்களுக்குள் இருந்தது குரு சிஷ்ய உறவு அல்ல. நேரத்தைப் பற்றிய சண்டை. பிராக்டிஸுக்கு நான் தாமதமாக வருவேன், அவர் ஒரு வார்த்தையும் திட்டமாட்டார். என்னைத் தனியாக ஒரு நீண்ட சுரம் பிடிக்கச் சொல்வார். அது நடுங்கும். "ஹார்ன் பொய் சொல்லாது தம்பி. நேத்து நீ ஊதலன்னு அதுவே சொல்லிடுச்சு பாரு" என்பார். இதை உங்களில் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது.

என் மடியில் இருந்த அந்த யூஃபோனியத்தை வாங்கும்வரை அவர் ஊதியது கோயிலுக்குச் சொந்தமான பழைய யூஃபோனியம். மடியில் வைத்து ஊதும் அந்தப் பெரிய பித்தளைக் குழலில் பற்றவைக்காத இடமே இல்லை; இனிப் பற்றவைக்க முடியாது என்றானதும் பழைய பித்தளைக்குப் போட்டுவிட்டார்கள். தன் பெயரில் பில் போட்டு, தனக்கென்று ஒன்றை அவர் வாங்கியது இதுதான் முதல் தடவை. பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பெரிய டிரம் அடிக்கும் டேவிட் மாமா, "ஃபாதர், பாத்து. தண்ணி உள்ள போச்சுன்னா வாரண்டி போயிடும்" என்றார். ஃபாதர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் என்னை வேலை விஷயமாகப் புனேவுக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்துத் திரும்பி வந்த முதல் ஞாயிறு, பேண்டில் என் சுருதி மட்டும் விலகிக் கேட்டது. எல்லோரையும்விட மேலே. என் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ட்ரம்பெட்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு வளைகுழாய் உண்டு, ஸ்லைடு என்போம். வெளியே இழுத்தால் குழல் நீண்டு சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். இழுத்தேன். இன்னும் இழுத்தேன். ஒருவழியாகச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து போனில் ட்யூனரைப் போட்டுப் பார்த்தால், நான் சேர்ந்தது ஒரு பள்ளத்தில். பேண்ட் மொத்தமும் இறங்கிக் கிடந்தது.

கோயில் கீபோர்டோடு எப்படிச் சேர்ந்து வாசித்தார்கள் என்று விசாரித்தேன். கீபோர்டையும் இறக்கிவிட்டார்களாம். அதில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது.

டேவிட் மாமா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். புது ஹார்ன் வந்ததிலிருந்தே அண்ணனால் சுருதிக்கு எட்ட முடியவில்லை என்றார். முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க ஊதுகிறார், பாட்டின் நடுவில் மூச்சு வாங்குகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் ஒவ்வொருவராகத் தங்கள் ஸ்லைடை இழுத்துக்கொண்டு அவர் இருந்த இடத்துக்கு இறங்கிப் போயிருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசி வைத்துச் செய்யவில்லை.

"அவருக்கு முன்ன மாதிரி தம் இல்லடா. மூஞ்சிக்கு நேரா சொன்னா ஒடிஞ்சி போயிடுவாரு. நாங்க எல்லாம் எறங்கிட்டோம். நீயும் ஸ்வல்ப எறங்கிக்கோ, அவ்ளோதான."

"நீங்க அடிக்கிறது டிரம்மு. நீங்க எங்க மாமா எறங்கினீங்க?"

"மனசால எறங்கினேன்டா" என்றார்.

இதை அன்பு என்று நீங்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறீர்கள். இருக்கட்டும். என் தொழிலில், ஓர் அளவுகோல் தப்பாகக் காட்டினால் அதற்கேற்ப மற்ற எல்லாவற்றையும் திருத்தி வைப்பவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்றைய பிராக்டிஸிலேயே அவர் ஹார்னைக் கேட்டு வாங்கினேன். அதன் ஸ்லைடை உள்ளே தள்ளினேன். பாதியில் எதிலோ இடித்து நின்றது. ஸ்லைடின் விளிம்பும் குழாயின் விளிம்பும் ஒட்டவேண்டிய இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. எல்லோருமே ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து வைத்துத்தான் வாசிப்போம் என்பதால் பார்க்கிற கண்ணுக்கு அது இழுத்து வைத்த ஸ்லைடு போலவே இருந்தது. அவருக்கோ அதுதான் முதல் புதுக் குழல். புதுக் குழலின் ஸ்லைடு எங்கே போய் முட்டவேண்டும் என்று தெரியாது. ஸ்லைடின் கால்களை, அதாவது உள்ளே நுழையும் இரண்டு நேர்க்குழாய்களை, ஃபேக்டரியில் நீளமாக வெட்டிவிட்டிருந்தார்கள். உள்ளேயிருக்கும் வளைவில் போய் முட்டிக்கொண்டு, மேலே போக வழியில்லாமல் நின்றது. இவ்வளவுதான் விஷயம்.

"அண்ணா, இது பழுது. ஃபேக்டரியிலேயே பழுது" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அரை வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களின் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாம் இழுத்து வைக்கப்பட்டிருந்தன.

"எனக்காகவா எறங்கினீங்க?" என்று கேட்டார்.

டேவிட் மாமா டிரம் வாரை இறுக்கத் தொடங்கினார். அண்ணன் ஹார்னைத் துடைத்தார், பெட்டியில் வைத்தார், பூட்டினார், போய்விட்டார். பாதி பிராக்டிஸில் அவர் எழுந்து போனதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்துதான் பேசினோம். உள்ளே அக்கா காதில் விழக்கூடாது என்றார். அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பா சுரங்கத்தில் இறங்கி, நெஞ்சில் தூசி கட்டி, கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே செத்தவர். அண்ணன் சுரங்கத்தில் காலே வைத்ததில்லை. ஆனால் தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மண் காற்றில் பறந்து சோற்றில் விழும் ஊரில் வளர்ந்தவர். புது ஹார்னில் மூச்சு எட்டாமல் போன நாள் முதல் அவருக்கு ஒரே நினைப்பு: அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். சுத்தமாக இருக்கிறது என்றாராம் டாக்டர். அதை அவர் நம்பவில்லை.

"எக்ஸ்ரேல தெரியாதது ஹார்ன்ல தெரியும் தம்பி. அது பொய் சொல்லாது."

"இந்த ஹார்ன் பொய் சொல்லுதுண்ணா. அளந்து காட்டறேன்."

"நீ சொன்னா ஆச்சா? என் மேல பிரியத்துல சொல்றேன்னுவாங்க. அதை செஞ்சவன் சொல்லட்டும்."

பைப் கட்டரை எடுத்துவந்தால் பத்து நிமிட வேலை, நானே வெட்டித் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. வெட்டினால் வாரண்டி போய்விடும் என்பது இரண்டாவது காரணம்தான். "வெட்டினப்புறம் நல்லா ஊதினேன்னு வையி. ஹார்ன் சரியாச்சா, இல்ல நான் ஏதாவது மருந்து சாப்டேனான்னு டேவிட் கேப்பான். கேக்கமாட்டான், நெனப்பான். அது இன்னும் மோசம்" என்றார். ஆக, அந்தக் கம்பெனியிடம் அவர் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம்: குறை எங்கள் பொருளில். அது கிடைத்தால் அவர் மூச்சு அவருக்குத் திரும்பிவிடும்.

புகாரைப் பதிவு செய்தேன். குறையைக் காட்டும் வீடியோ அனுப்புங்கள் என்றார்கள். ட்யூனர் முள்ளையும் ஸ்லைடின் இடைவெளியையும் அருகருகே காட்டிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்து, சனிக்கிழமை வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். நம் ஆட்கள் பொறுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பார்க்கப்போகிறார்கள் என்றதும் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, தோள்பட்டைக் குஞ்சங்களைத் தைத்து, கோயில் படிக்கட்டில் வரிசையாக நின்று, மாதா ஊர்வலத்துக்கு வாசிக்கும் பாட்டை முழுதாக வாசித்து, அதை அனுப்பிவிட்டார்கள். வாசிப்பதற்கு முன், பழக்கப்படி, அண்ணன் சுரம் கொடுக்க எல்லோரும் அவரோடு சுருதி சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த வீடியோவை நான் பார்த்தேன். அப்படி ஒரு சுத்தமான வாசிப்பை நம் பேண்ட் அதற்கு முன் வாசித்ததில்லை. ஒரு பிசிறு இல்லை. ஒருவர் விடாமல் ஒரே பள்ளத்தில்.

கம்பெனியின் பதில் மறுநாளே வந்தது. வீடியோவைக் கண்டு மகிழ்ந்தோம், வாத்தியம் குழுவோடு மிகச் சரியான சுருதியில் ஒலிக்கிறது, வாசிப்பவருக்குச் சிரமம் இருந்தால் மூச்சுப் பயிற்சி உதவும்.

மூச்சுப் பயிற்சி. அந்த வார்த்தையைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். டேவிட் மாமாவிடம் நான் கத்தினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருந்தா மதிச்சி செய்வாங்கன்னு நெனச்சோம்டா" என்றார். குறையைக் காட்டச் சொன்னால் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் நிறையைக் காட்டுகிற ஆட்கள் நம்மைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்கிறார்களா?

பிறகு நேரில் கொண்டுபோனோம். பரிசோதித்த டெக்னீஷியன் கிட்டார் பிரிவு. ஸ்லைடை ஆட்டிப் பார்த்தார், உள்ளே டார்ச் அடித்தார், அழுக்கு அடைத்திருக்கிறது, கிரீஸ் போடவில்லை, பராமரிப்புக் குறை என்று எழுதினார். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரைப் பார்த்து அப்படி எழுதினார். அண்ணன் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அவன் கிட்டார் வாசிக்கிற புள்ள, விடு" என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தாலே எரிச்சல். அன்று அதைச் சொல்லியும் விட்டேன்.

நான் விடவில்லை. மேலே எழுதினேன், அதற்கும் மேலே எழுதினேன். கடைசியில் இறங்கி வந்தார்கள். நல்லெண்ண அடிப்படையில் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம், பொருளில் உற்பத்திக் குறை எதுவும் இல்லை என்று வாடிக்கையாளர் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். எனக்கு அது வெற்றி. கையெழுத்தைப் போடுங்கள், ஹார்ன் சரியாகிவிடும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஹார்ன்ல குறை இல்லன்னு நானே எழுதித் தரணும். அப்ப குறை எங்க இருக்குன்னு அர்த்தம்?"

"வெறும் காகிதம்ணா. யார் அதைப் படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சிட்டேனே" என்றார்.

அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். போட்டிருந்தால் கடைசி மாதங்களில் கஷ்டப்படாமல் ஊதியிருப்பார். சாந்தமான மனிதர் என்று எல்லோரும் எழுதுவீர்கள். அவரைப் போன்ற பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் பேண்ட் சரியான சுருதிக்கு ஏறிவிடப் பார்த்தது. அவரே ஏறச் சொன்னார். ஒரு ஞாயிறு ஏறினீர்கள். அவர் எட்ட முயன்று நடுப்பாட்டில் ஹார்னை இறக்கினார். அடுத்த ஞாயிறு யாரும் சொல்லாமலே எல்லா ஸ்லைடுகளும் மறுபடி வெளியே வந்துவிட்டன. இந்த முறை அவருக்கும் தெரிந்தது. தெரிந்தும் தெரியாததுபோல் சுரம் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் கடைசியாக ஒருமுறை சர்வீஸ் சென்டருக்குப் போகிறேன் என்று ஹார்னை வாங்கிக்கொண்டேன். ஒரு பள்ளிக்கூட பேண்டில் இதே மாடல் இருந்தது. அதன் ஸ்லைடைக் கடன் வாங்கி எடுத்துக்கொண்டேன். அன்று காலை அண்ணன் போனில் சொன்னது: "கையெழுத்து கேட்டா அந்தக் காகிதத்தை வாங்கிக்காம வந்துடு."

மேனேஜர் முன் இரண்டு ஸ்லைடுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். ஒன்றின் கால் குட்டை, மற்றதன் கால் நெட்டை. அளக்கக்கூட வேண்டாம். "ஹௌது, உத்தா இதெ" என்றார் கன்னடத்தில். ஆமாம், நீளமாகத்தான் இருக்கிறது. இத்தனை மாதத்தில் அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஒரு வாய் சொன்ன முதல் உண்மை. அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். வாடிக்கையாளர் நேரில் வரட்டும், எழுதித் தருகிறேன் என்றார். நாளைக்கே வருவார் என்றேன். அப்போதுதான் போன் அடித்தது.

போனை வைத்துவிட்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து நின்றார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அண்ணன் மனைவி பெயரில் எழுதித் தாருங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். பிறகு மிகவும் தணிந்த குரலில், வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்றார். வேறு பெயருக்கு மாற்ற விதியில் இடமில்லையாம். அந்த மேசையில் அரை மணிக்கு முன்பு இருந்த குறை இப்போது சட்டப்படி இல்லை. ஹார்னைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தண்ணீரை நான் குடிக்கவில்லை.

நம் பேண்டில் ஒருவர் போய்விட்டால் அவருடைய வாத்தியம் சவப்பெட்டிக்கு முன்னால் போகும். வாய் தரையைப் பார்க்க, ஊதாமல் ஒருவர் தூக்கிப் போகவேண்டும். அதை என் கையில் கொடுத்தார்கள். அதனால் அன்று நான் வாசிக்கவில்லை; நம் பேண்டை முதல்முறையாக வெளியிலிருந்து கேட்டேன். தொடங்கும் முன் எல்லோரும் ஒரு பக்கம் திரும்பினீர்கள், சுரம் வரவேண்டிய பக்கம். அங்கே யாரும் இல்லை. டேவிட் மாமா டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினார். சுரம் பார்க்காமலே எடுத்தீர்கள். எடுத்ததும் எல்லோரும் சேர்ந்தே இருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஹார்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நடந்தபடியே போனை எடுத்து ட்யூனரைப் பார்த்தேன். சவ ஊர்வலத்தில் போன் பார்த்தேன் என்று சிலருக்கு என்மேல் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். நான் பார்த்தது அதைத்தான். முள் அதே பள்ளத்தில் நின்றது. ஆள் இல்லாமலே அவரோடு சேர்ந்திருந்தீர்கள்.

அன்று மட்டும் உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் வந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா ஹார்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். மாடிப்படியில் நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் அன்றே விழுந்திருக்கிறது. "இனிமே யாரு வந்து எழுதித் தரப் போறாங்க? வெட்டுப்பா" என்றார்.

லேபில் வைத்து வெட்டினேன். ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல் அகலம். ஓரங்களை ராவி, துடைத்து, கிரீஸ் தடவி, ஸ்லைடை உள்ளே தள்ளினேன். டக் என்று விளிம்பும் விளிம்பும் ஒட்டின. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா ஊதிக் காட்டச் சொன்னார். எனக்கு யூஃபோனியம் சரியாக வராது. இருந்தாலும் ஒரு நீண்ட சுரம் பிடித்தேன். சிரமமே இல்லை. சுருதிக்கு மேலேயே போய் நின்றது. கொஞ்சம் இழுத்து இறக்கவேண்டியிருந்தது. அக்கா உள்ளே போய்விட்டார்.

வெட்டிய துண்டுகளில் ஒன்று அவரிடம் இருக்கிறது. மற்றொன்று என் லேப் மேசையில், தரப்படுத்திய அளவுக் கட்டைகளின் பக்கத்தில். அமல்ராஜ் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. அவருடைய பொறுமை என்னிடம் வரவில்லை, வரவும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு பிராக்டிஸுக்கு வரும்போது ஸ்லைடுகளை உள்ளே தள்ளிவிட்டு வாருங்கள். கீபோர்டையும் ஏற்றிவிடுங்கள். பரிதாபப்பட்டு இறங்கியவர்கள் எல்லோரும் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ஹார்னைச் செய்தவர்கள் இதை எழுதித் தரவில்லை, நான் எழுதுகிறேன். அந்தத் துண்டை அளந்துவிட்டேன், பல முறை. அதில் அவர் மூச்சு எதுவும் இல்லை. வெறும் பித்தளை.